உப்பில்லாக் கஞ்சி

தம்பிஐயா துப்பிவிட்டார்.

குருநாகலில் இருந்து ரயில், யாழ்ப்பாணத்தில் இருந்து காரைநகர் வரைக்கும் பஸ், அங்கிருந்து ஊர்காவற்றுறைக்குத் தோணி, பிறகு நாரந்தனைக்கு மாட்டு வண்டி என்று இரண்டு நாள் அலைந்து, ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு வீட்டு முற்றத்தில் கால் வைத்த மனுஷன். பெண்சாதி சீதேவி ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அண்ணாந்து ஒரு வாய் ஊற்றியவர், அதை விழுங்காமல் பூவரசுக்குக் கீழே போய்த் துப்பிவிட்டு வாயைத் துடைத்தார்.

"என்ன சீதேவி, பகிடியே? தண்ணிக்குள்ளை ஏன் உப்பைப் போட்டனீர்?"

சீதேவி சிரித்தாள். "தோணியிலை குடிச்ச உப்புக் காத்து இன்னும் வாய்க்குள்ளை நிக்குது உங்களுக்கு. உது எங்கடை கிணத்துத் தண்ணி. சித்திரையிலை கிணறு வெட்டுற யாகப்புவை இறக்கி ரண்டு முழம் ஆழப்படுத்தினது. தேன் மாதிரித் தண்ணி."

"தேனோ? நீர் குடியும் பாப்பம்."

அவள் செம்பை வாங்கி மடமடவென்று பாதி குடித்தாள். குடித்துவிட்டுப் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"விசரே உமக்கு? உதுக்குள்ளை திரளி மீனைப் பிடிச்சு விட்டால் சந்தோசமாய்ச் சீவிக்கும்."

வேறு எவளுடைய புருஷன் சொல்லியிருந்தாலும் அது ஒரு நாள் புருஷன் பெண்சாதிச் சண்டையோடு போயிருக்கும். சீதேவியிடம் சொல்லலாமா? நாரந்தனையின் அந்தப் பக்கத்தில் கிணறு தோண்டினாலும் சரி, இருக்கிறதை ஆழப்படுத்தினாலும் சரி, "நில்" என்று சொல்லுகிற நாக்கு அவளுடையது.

தீவுக்கு நாலு பக்கமும் கடல் என்பது எல்லாருக்கும் தெரியும். கீழேயும் கடல்தான் என்பது கிணறு வெட்டுகிறவனுக்குத்தான் தெரியும். பெய்த மழை கல்லுக்குள் இறங்கி, கடல் தண்ணீருக்கு மேலே மெல்லிசாய் மிதந்துகொண்டு கிடக்கும், காய்ச்சிய பாலில் ஆடை கிடக்கிற மாதிரி. ஆடையைக் கிழிக்காமல் அள்ளினால் நல்ல தண்ணீர். ஒரு சாண் ஆசை கூடினால் கரிக்கிற சவர். பிறகு தலைகீழாக நின்றாலும் அந்தக் கிணறு கைக்கு வராது.

எங்கே நிறுத்துவது என்பது கிணற்றுக்குள் நிற்கிறவனுக்குத் தெரியாது. வியர்வை வாய்க்குள் வழியும், கல் தூள் நாக்கில் படியும். ஆகையால் ஒவ்வொரு சாணுக்கும் ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையில் அள்ளிக் கயிற்றில் மேலே விடுவான். மேலே ஒரு பெண் நிற்பாள். வாயில் விட்டுக் கொப்பளித்து, "இறங்கு" என்பாள். கரிக்கத் தொடங்கியதும் "நில்" என்பாள். நில் என்றால் நில்தான். ராசா வந்து சொன்னாலும் பிறகு கல் உடைக்கிற அலவாங்கு விழாது. கல்லும் களிமண்ணும் போட்டு, கடைசியாகக் கிண்டிய சாண் ஆழத்தை மூடிவிட்டுத்தான் ஆள் ஏறுவான்.

அந்த நாக்குக்கு விரதமும் உண்டு. முதல் நாள் தொடங்கி வெற்றிலை இல்லை, புளி இல்லை, கருவாடு இல்லை. அன்று காலையில் உப்பில்லாக் கஞ்சி மட்டும். இருபது வருஷமாகச் சீதேவி இதில் ஒரு நூல் பிசகியதில்லை. அவளுடைய மாமியார் பார்த்த காலத்தில் இரண்டு கிணறு கெட்டதாகக் கதை உண்டு. சீதேவியின் காலத்தில் ஒன்றுகூட இல்லை, அந்தப் பெருமையும் அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

இரண்டு மாரி தொடர்ந்து பொய்த்துவிட்டது. குடிக்கிற தண்ணீருக்கு ஊருக்குப் பொதுவாக வேம்படிக் கிணறு ஒன்று. அதில் வீட்டுக்கு ஒரு குடம் என்று ஊர்க் கட்டு. மற்றதுக்கெல்லாம் அவரவர் வளவுக் கிணறு. அவையும் வற்றத் தொடங்க, அந்த வருஷம் மட்டும் நாலு கிணறு ஆழப்படுத்தினார்கள். சித்திரையில் சீதேவியுடையது. வைகாசியில் பக்கத்து வளவில் இருக்கிற மச்சாள் சின்னாச்சியுடையது. தம்பிஐயாவின் கூடப்பிறந்த தங்கச்சி அவள். பிறகு பள்ளிக்கூடத்துக் கிணறு, அப்புத்துரையின் புகையிலைத் தோட்டத்துக் கிணறு. நாலுக்கும் சீதேவி விரதம் இருந்தாள், நாலுக்கும் சிரட்டை வாங்கினாள். "இறங்கு, இறங்கு" என்றே அவளுடைய நாக்கு சொன்னது.

அப்புத்துரையின் கிணற்றில் மட்டும் யாகப்பு கீழே இருந்து ஒருதரம் குரல் கொடுத்தான். "அக்கா, வடிவாய்ப் பாருங்கோ. கல்லின்ரை நிறம் மாறுது."

"உன்ரை வேலை கல்லு, என்ரை வேலை தண்ணி. நீ இறங்கு," என்றாள் சீதேவி.

இப்போது அந்த நாக்கைப் பார்த்துத்தான் புருஷன் விசர் என்கிறார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. "கண்டி, குருநாகல் எண்டு ஆத்துத் தண்ணி குடிச்சுச் செல்லம் கொண்டாடின நாக்கு. உங்களுக்கு எங்கடை தண்ணி கசக்கும்தான்," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். மத்தியானச் சமையலுக்கு நேரமாகிவிட்டது. அடுப்பில் கறி கொதித்தது. உப்புச் சட்டிக்குள் கையை விட்டாள்.

கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த உப்பு சித்திரைக் கடைசியில் வாங்கியது. ஒரு சட்டி உப்பு அந்த வீட்டில் ஒன்றரை மாதத்துக்கு மேல் நின்ற சரித்திரமே இல்லை. இது ஆவணி. சட்டியில் முக்கால்வாசி உப்பு அப்படியே கிடந்தது. அவள் ஒன்றையும் குறைக்கவில்லை. நாக்குக்குச் சரியாக இருக்கிற அளவுதான் போட்டாள். வைகாசியில் ஒரு சிட்டிகை, ஆனியில் அரைச் சிட்டிகை, ஆடியில் அதுவும் இல்லை. உப்பு மிச்சம் பிடிக்கிறேன் என்று சின்னாச்சியிடம் பெருமை வேறு அடித்திருந்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சவுக்காரம் நுரைக்காதது. அப்புத்துரையின் புகையிலை இலை ஓரம் கருகியது. பூச்சி என்று சொல்லிச் சாம்பல் தூவினார்கள். அவளுடைய உப்பில்லாக் கஞ்சி. ஐயோ, அந்தக் கஞ்சி! கஞ்சிக்கு உப்புப் போடவில்லைத்தான். கஞ்சி வெந்த தண்ணீர் எந்தத் தண்ணீர் என்று அவள் ஒரு நாளாவது யோசித்தாளா? மாரி பொய்த்து வற்றிக்கொண்டு வந்த வளவுத் தண்ணீர், ஆழப்படுத்த முதலே அது மெல்ல மெல்லக் கரிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். சவர்த் தண்ணீரில் நாக்கை ஊறவைத்துக்கொண்டு போய்ச் சவர்த் தண்ணீருக்குச் சாட்சி சொல்லியிருக்கிறாள், அதுவும் விரதம் இருந்து.

தம்பிஐயா குசினி வாசலில் எட்டிப் பார்த்தபோது அவள் நிலத்தில் இருந்தாள். உப்புச் சட்டி மடியில் கிடந்தது.

"நாலு கிணறு," என்றாள். "என்ரை வாயாலை நாலு கிணறு போச்சுதப்பா."

அவர் உள்ளே வந்தார். பக்கத்தில் இருந்து, "வேம்படிக் கிணறு எப்பிடி?" என்று மட்டும் கேட்டார்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வேம்படிக் கிணற்றை வருகிற வெள்ளிக்கிழமை ஆழப்படுத்தப் போகிறார்கள். அது அலவாங்குக்கு அசையாத கல். ஆகையால் பரராசசிங்கம் முதலாளி வெடிமருந்து எடுப்பித்து வைத்திருந்தார். தெற்கே இரண்டு கடை வைத்து நடத்திவிட்டு ஊரோடு வந்து இருக்கிற பெரிய மனுஷன், ஊருக்கு ஒரு தருமம் செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டார். சிரட்டை வாங்கப் போகிறவளும் சீதேவிதான்.

வேம்படித் தண்ணீர்க் குடத்தில் இருந்து ஒரு செம்பு வார்த்துக்கொடுத்தாள். தம்பிஐயா பயந்து பயந்து ஒரு மிடறு குடித்தார். பிறகு இன்னொரு மிடறு குடித்தார்.

"இது பரவாயில்லை. மற்றதோடை பாக்கேக்கை இதுதான் தேன்."

"அப்ப அது ஒண்டாவது மிஞ்சிக் கிடக்கு," என்று அவள் எழும்பினாள். "அதிலை ஒரு சாண் இறங்க விடமாட்டன்."

முதலில் போனது சின்னாச்சி வீட்டுக்கு. சின்னாச்சி கிணற்றடியில் துலாவைப் பிடித்துத் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். சீதேவி சொன்னதை எல்லாம் கேட்டாள். ஒரு வாய் அள்ளிக் குடித்தும் பார்த்தாள்.

"மச்சாள், உங்களுக்கு அண்ணை வந்த சந்தோசத்திலை தலை சுத்துது. நல்ல தண்ணியெல்லோ இது!"

"நல்ல தண்ணி இல்லையடி. உனக்கும் நாக்குச் செத்துப் போச்சு, எனக்கும் செத்துப் போச்சு."

"அப்ப வைகாசியிலை நீங்கள்தானே இறங்கு இறங்கு எண்டனீங்கள்?" சின்னாச்சியின் முகம் மாறியது. "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையிலை துள்ளி. என்ரை கிணறு கெட்டதெண்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியாதையுங்கோ. குமர்ப் பிள்ளை இருக்கிற வளவு. கிணறு சவர் எண்டால் ஆர் வந்து சம்பந்தம் பேசுவான்?"

பரராசசிங்கம் முதலாளி கதிரையில் சாய்ந்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"சீதேவி, நீர் சொல்லித்தான் நாலு கிணறும் வெட்டினது. இப்ப நீரே வந்து நாலும் பிழை எண்டுறீர். எந்தச் சொல்லை நம்புறது?"

"இப்பத்தையான் சொல்லை நம்புங்கோ ஐயா."

"ஆர் சாட்சி?"

"இவர் குடிச்சுப் பாத்தவர்."

"தம்பிஐயா ஊரிலை நிண்ட ஆளே? ரண்டு கிழமை போகட்டும், அவருக்கும் சரியாய்ப் போயிடும்." அவர் சிரித்தார். "சனம் ஒரு குடம் தண்ணிக்கு விடியத் தொடங்கி நிரையிலை நிக்குது. வெள்ளிக்கிழமை வெடி வைக்கிறதுதான். நீர் வந்தால் வாரும். வராட்டில் சின்னாச்சியை நிப்பாட்டுவம்."

சின்னாச்சியையா! சின்னாச்சி நின்றால் கடல் வரைக்கும் "இறங்கு" என்பாள்.

அது செவ்வாய்க்கிழமை பின்னேரம். புதன்கிழமை விடிந்ததும் எழும்பி, வளவுக் கிணற்றில் ஆறு செம்பு தண்ணீர் அள்ளிப் பெரிய மண்சட்டியில் வார்த்து அடுப்பில் ஏற்றினாள்.

"என்ன செய்யிறீர்?" என்றார் தம்பிஐயா.

"தண்ணியிலை கரைஞ்சு கிடக்கேக்கை எங்கடை நாக்குக்குத் தெரியேல்லை. கட்டியாய்க் கிடந்தால் தெரியுந்தானே. உப்பு உப்புத்தானே."

பனை மட்டையும் கொக்கரையும் தள்ளித் தள்ளி எரித்தாள். தண்ணீர் வற்றியது. அடியில் வெள்ளையாய்ப் படிந்தது. அகப்பையால் சுரண்டினால் அரைச் சிறங்கை, பாதி உள்ளங்கை நிறைய. சுண்ணாம்பாக இருக்கலாம், கல்லுக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு படிவது ஒன்றும் புதிசில்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். சுரீர் என்றது. அந்த நாக்கு இன்னும் முழுதாய்ச் சாகவில்லை என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. பிறகுதான் அழுதாள்.

மற்ற மூன்று கிணற்றுக்கும் தம்பிஐயா குடம் சுமந்தார். வியாழக்கிழமை மத்தியானத்தோடு நாலு சிரட்டையில் நாலு கிணற்று உப்பு இருந்தது. அப்புத்துரையின் சிரட்டைதான் நிறைய. யாகப்பு சொன்ன அந்தக் கிணறு.

வெள்ளிக்கிழமை காலையில் வேம்படியில் ஊரே கூடி நின்றது. யாகப்பு சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆயத்தமாக நின்றான். வெடிமருந்துப் பெட்டி வேப்பமர நிழலில் ஈரச் சாக்கால் மூடிக் கிடந்தது. சீதேவி சுளகில் நாலு சிரட்டையையும் வைத்துக்கொண்டு வந்தாள்.

"எல்லாரும் ஒருக்கால் தொட்டு நாக்கிலை வையுங்கோ," என்றாள். "இது என்ரை கிணறு. இது சின்னாச்சியின்ரை. இது பிள்ளையள் குடிக்கிற பள்ளிக்கூடத்துத் தண்ணி. இது அப்புத்துரையின்ரை. ஒவ்வொண்டிலும் ஆறு செம்புதான் காய்ச்சினனான். நான் சொன்னது பிழை. நாலும் பிழை. என்னை என்னெண்டாலும் சொல்லுங்கோ, ஆனால் இந்தக் கிணத்திலை இறங்காதையுங்கோ."

யாகப்புதான் முதலில் வந்தான். அப்புத்துரையின் சிரட்டையில் விரல் வைத்து, நாக்கில் தடவி, கண்ணை மூடிக்கொண்டான். "மாதாவே," என்றான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அப்புத்துரை தொட்டுவிட்டு, தான் சாம்பல் தூவிய புகையிலையை நினைத்தானோ என்னவோ, தலையில் அடித்துக்கொண்டான். சின்னாச்சி தன் கிணற்றுச் சிரட்டையைத் தொடவே இல்லை. தொட்டவர்களின் முகத்தைப் பார்த்தே அவள் இருந்துவிட்டாள்.

பரராசசிங்கம் முதலாளியும் தொட்டார். ஆனால் பெரிய மனுஷன், லேசில் விடுவாரா?

"எந்தத் தண்ணியைக் காய்ச்சினாலும் ஏதும் மிஞ்சுந்தானே. இந்தக் கிணத்துத் தண்ணியை நீர் காய்ச்சினனீரே?"

"இல்லை. வீட்டுக்கு ஒரு குடந்தானே கட்டு. அதைக் காய்ச்ச மனம் வரேல்லை."

"அப்ப இஞ்சையே காய்ச்சும். எல்லாரும் பாக்கட்டும்."

"ஓம், காய்ச்சுவம்!" சீதேவிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இதைக் காய்ச்சிப் பாத்தால்தான் உங்களுக்கு விளங்கும். அடியிலை சுண்ணாம்பைத் தவிர ஒண்டும் இராது. நல்ல தண்ணிக்கும் சவருக்கும் வித்தியாசத்தைக் கண்ணாலை காணுங்கோ!"

வெடிமருந்தைத் தூரக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். ஆறு செம்பு, எல்லாருக்கும் முன்னால் எண்ணி வார்த்தது. வெயில் ஏறியது. சட்டி கொதித்தது. சனம் அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்தது. யாரோ பனம்பழப் பினாட்டு கொண்டுவந்து பகிர்ந்தார்கள். யாகப்பு தன் தகப்பன் காலத்துக் கிணறுகளைப் பற்றிக் கதை சொன்னான். மூன்று மாரி நல்லாய்ப் பெய்தால் கெட்ட கிணறும் திரும்பலாம், ஆனால் அடியை மூடிவிட வேண்டும் என்றான். நாலு கிணற்றையும் தானே மூடித் தருவதாகவும் சொன்னான். சீதேவிக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. நாலு போனாலும் ஐந்தாவது இருக்கிறது, மழை வரும்வரைக்கும் அது காப்பாற்றும் என்று அவள் மனசு சொல்லிக்கொண்டது.

தண்ணீர் வற்றியது. அடியில் வெள்ளை படிந்தது.

"சுண்ணாம்பு," என்றாள் சீதேவி.

ஆனாலும் தொடவில்லை. அகப்பையால் சுரண்டி, சிரட்டையில் போட்டு, முதலாளியிடம் நீட்டினாள். ஒரு தேக்கரண்டி அளவுதான் இருக்கும். பரராசசிங்கம் விரலால் தொட்டு வாயில் வைத்தார். இன்னொருதரம் தொட்டு வைத்தார். சிரட்டையை அவளிடமே திருப்பி நீட்டினார்.

"என்ன ஐயா?" என்று சீதேவி சிரட்டையை வாங்கித் தானும் தொட்டாள்.

உப்பு. சுண்ணாம்பும் இருந்தது, அதோடு உப்பும் இருந்தது. யாரும் கை வைக்காத கிணறு. அலவாங்கு படாத கல். சுற்றியிருந்த நாலு கிணறும் கீழே திறந்துவிட்ட வாசலால் கடல் இங்கேயும் வந்துவிட்டது. அன்று காலையிலும் எல்லாரும் அதைத்தான் குடித்திருந்தார்கள்.

அழுவாரும் இல்லை, ஏசுவாரும் இல்லை. ஏசியிருந்தால்கூடச் சீதேவிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நிரையில் வைத்திருந்த குடங்களைப் பெண்கள் பார்த்தார்கள். சின்னாச்சி தன் குடத்துத் தண்ணீரைக் கவிழ்க்கப் போனாள்; பாதி சரித்துவிட்டு, நிமிர்த்தி, இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வேறு என்ன தண்ணீரைக் குடிக்கிறது? மற்றவர்களும் அப்படியே போனார்கள்.

வெடிமருந்து வந்த வழியே திரும்பிப் போயிற்று. அடுத்த நாளே யாகப்பு சீதேவியின் கிணற்றில் இறங்கி, கல்லும் களியும் போட்டு இரண்டு முழமும் மூடினான். கூலி கேட்கவில்லை. பிறகு சின்னாச்சியின் கிணறு, மற்றவை. கல் சுமக்க ஊரே வந்தது.

மூடிய கிணறு தேறுகிறதா இல்லையா என்று பார்க்க நாக்கு வேண்டுமே! ஊரில் இருந்தது ஒரே ஒரு நாக்கு, தம்பிஐயாவுடையது. இரண்டு கிழமை லீவில் வந்தவரை ஊர் போகவிடவில்லை. காலை வெயில் ஏற முதல் ஒவ்வொரு கிணறாகப் போவார். சிரட்டையில் வாங்கி, கொப்பளித்து, துப்பிவிட்டு, "சவர்" என்பார். சனம் தலையாட்டிவிட்டுப் போகும். கிண்டலாகச் சிரித்த பரராசசிங்கம் முதலாளியே இப்போது வழியில் கண்டால், "இண்டைக்கு எப்பிடித் தம்பிஐயா?" என்று கேட்பார். சின்னாச்சி தினமும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பாள். சீதேவி கிழமைக்கு ஒருநாள் வளவுக் கிணற்றில் ஆறு செம்பு அள்ளிக் காய்ச்சுவாள். ஒவ்வொருதரமும் அதே அரைச் சிறங்கை. மழை இல்லாமல் எப்படிக் குறையும்?

அவர் வந்த முப்பதாம் நாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சீதேவி குசினியில் அடுப்பில் இருந்து சட்டியை இறக்கி, அடியைச் சுரண்டினாள். அரைச் சிறங்கை. கொஞ்சம் கூடவும் இருக்கலாம் என்று பட்டது. அப்போது கிணற்றடியில் இருந்து தம்பிஐயாவின் குரல் கேட்டது.

"சீதேவி! இஞ்சை ஓடி வாரும்! தண்ணி திரும்பிட்டுது!"

அவள் உப்புச் சட்டியோடு வெளியே ஓடினாள். தம்பிஐயா துலாக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகம் முழுக்கச் சிரிப்பாக நின்றார். சின்னாச்சி அதற்குள் குடத்தோடு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்துகொண்டிருந்தாள். "மெய்யே அண்ணை? மெய்யே?" என்று கத்திக்கொண்டு வந்தாள்.

"மெய்யாத்தான்! ஒரு சொட்டுக் கரிக்கேல்லை. தேன் மாதிரிக் கிடக்கு!" என்று அவர் செம்பைத் தூக்கி அண்ணாந்தார்.

சீதேவியின் கையில் இருந்த சட்டியில் அதே தண்ணீரின் உப்பு இன்னும் சுடச்சுட இருந்தது.

"ஐயோ," என்று அலறினாள், "துப்புங்கோ! துப்புங்கோ!"

அவர் விழுங்கிவிட்டார்.